உள்ளங்கைக்குள் ஒரு கியர் பெட்டி

சித்திரை மாதத்து மதியம். பவானியில் மேட்டூர் சாலையை ஒட்டிய லேத் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து மோட்டாருக்கு ஒரு புஷ் கடையக் கொடுத்திருந்தேன். வேலை முடியும் நேரத்தில் ஓர் இளைஞர் சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் பளபளக்கும் அலுமினிய உருண்டை. இணையத்தில் வாங்கிய கியர் குமிழ்.

“அண்ணா, இது கம்பில ஏற மாட்டேங்குதுங்ணா. ரெண்டு சுத்துல இறுகிக்குது.”

டர்னர் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். மேசை டிராயரிலிருந்து மரை கேஜை எடுத்து, அதன் இலைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு காருக்குப் போய், பழைய குமிழைக் கழற்றிக் கம்பியின் மரையையும் அளந்துவிட்டு வந்தார்.

“விட்டம் பத்து மில்லி, அது சரியாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா இதுல மரை இடைவெளி ஒன்னரை மில்லி, உங்க கம்பில ஒன்னேகால். முறுக்கி ஏத்துனீங்கன்னா கம்பி மரையே போயிரும்” என்றவர், கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: “குமிழ் மாத்தி என்ன ஆகோணும்னு நெனைக்கறீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“கியர் சடக்குனு விழுகோணுங்ணா. ரேஸ் கார் மாதிரி.”

அந்தப் பதில் என்னை விடவில்லை. கம்பியின் உச்சியில் இருக்கும் ஒரு உருண்டையை மாற்றினால், கீழே எண்ணெயில் மூழ்கியிருக்கும் பல்சக்கரங்களின் நடத்தை மாறுமா? மாறும். எப்படி மாறும், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றினால் அது பொறியியல். தெரியாமல் மாற்றினால் வெறும் அலங்காரம். சில சமயம் கியர் பெட்டிக்கே கேடு.

கம்பிக்குக் கீழே நடப்பது

கியர் போடும்போது ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொன்றோடு கோத்துவிடுகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மிகப் பழைய வண்டிகளில் அப்படித்தான் இருந்தது. இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. ஆனால் தண்டோடு பிணைக்கப்படாமல் சும்மா சுழல்கின்றன. நாம் கியர் போடும்போது, இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் ஸ்லீவ் என்ற வளையம் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. அந்த ஸ்லீவைத் தள்ளுவது கவட்டை வடிவில் இருக்கும் ஃபோர்க். ஃபோர்க்கைச் சுமப்பது செலக்டர் கம்பி. செலக்டர் கம்பியை அசைப்பது நம் கை.

ஸ்லீவ் நகரும் தூரம் மிகக் குறைவு. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். செலக்டர் கம்பியில் வெட்டிய பள்ளங்களில் ஸ்பிரிங் தள்ளும் சிறு எஃகுக் குண்டு ஒன்று வந்து உட்காரும். கியர் விழுந்ததும் கைக்குத் தெரிகிறதே ஒரு ‘டக்’, அந்தக் குண்டு பள்ளத்தில் இறங்கும் உணர்வு அதில் பெரும்பங்கு. அதே குண்டுதான் மேடு பள்ளத்தில் கியர் தானாகக் கழன்றுவிடாமல் பிடித்துவைப்பதும்.

கைக்கும் செலக்டர் கம்பிக்கும் நடுவே உள்ள வழி வண்டிக்கு வண்டி மாறும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்களில் கியர் கம்பி கியர் பெட்டியின் மேலேயே நேராக நிற்கிறது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான முன்சக்கரக் கார்களில் பெட்டி பானட்டுக்குள் இருக்கிறது. கம்பி இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. நடுவில் இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன, ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றது பக்கவாட்டுக்கு. கேபிளின் நெகிழ்வும் ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ரப்பர் அல்லது நைலான் புஷ்ஷின் ஆட்டமும் சேர்ந்து, ‘டக்’ என்ற செய்தி கைக்கு வந்து சேருமுன் மழுங்கிவிடுகிறது.

நெம்புகோல் கணக்கு

கல்லைப் புரட்டக் கடப்பாரை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்த இடத்திலிருந்து கை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறதோ அவ்வளவு சுலபமாகக் கல் அசையும். ஆனால் கை அவ்வளவு தூரம் இறங்க வேண்டும். கியர் கம்பியும் ஒரு கடப்பாரைதான். அதன் முட்டு, தரைக்கு அருகே இருக்கும் சுழல் மூட்டு.

ஒரு கணக்குக்காக, மூட்டுக்கு மேலே 240 மி.மீ. நீளமும் கீழே 40 மி.மீ. நீளமும் உள்ள கம்பியை எடுத்துக்கொள்வோம். விகிதம் ஆறுக்கு ஒன்று. கீழ்முனை 10 மி.மீ. நகர, நியூட்ரலிலிருந்து குமிழ் 60 மி.மீ. போக வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது இரண்டு பக்கத்தையும் சேர்த்து 120 மி.மீ.

‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்று விற்கும் சாதனம் செய்வது ஒன்றுதான்: மூட்டின் இடத்தை மாற்றி மேல்பகுதியைக் குறைத்து, கீழ்ப்பகுதியைக் கூட்டுகிறது. மேலே 208, கீழே 52 என்று வைத்தால் விகிதம் நான்குக்கு ஒன்று. குமிழின் பயணம் 60இலிருந்து 40 மி.மீ. ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கேபிள் வண்டிகளில் இதே வேலையை, கியர் பெட்டியின் மேலிருக்கும் கையைக் குட்டையாக்கியும் செய்கிறார்கள்.

இந்த மிச்சம் இலவசமாக வருவதில்லை. முன்பு 2 கிலோ விசையில் விழுந்த கியருக்கு இப்போது 3 கிலோ விசை வேண்டும். இரண்டை அறுபதால் பெருக்கினாலும் மூன்றை நாற்பதால் பெருக்கினாலும் வருவது அதே 120. தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கொடுத்தாக வேண்டும். நெம்புகோல் யாருக்கும் தள்ளுபடி தராது.

குமிழை மட்டும் மாற்றினாலும் இந்தக் கணக்கு சற்று நகரும். பழையதைவிட 2 செ.மீ. தாழ்வாக உட்காரும் குமிழைப் போட்டால் மேல்பகுதி 220 மி.மீ. ஆகிறது; பயணம் 55 மி.மீ.க்குக் குறைகிறது. அழகுக்காக உயரமான குமிழைப் போட்டால் நேர்மாறாக, கியர் லேசாக விழும், ஆனால் கை நெடுந்தூரம் போகும்.

பித்தளை வளையத்தின் பொறுமை

பாதையைக் குறைத்தால் கியர் மாற்றும் வேகம் கூடும் என்பது எல்லோரும் சொல்வது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி சிங்க்ரோ வளையத்திடம் இருக்கிறது.

நிமிடத்துக்கு 6,000 சுற்றில் என்ஜின் ஓட, இரண்டாம் கியரில் போகிறோம். இரண்டாம் கியரின் விகிதம் 1.9, மூன்றாவது 1.3 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் வேகம் மாறாமல் மூன்றாவது கியர் விழ வேண்டுமானால், கியர் பெட்டியின் உள்தண்டு ஏறக்குறைய 4,100 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். கிளட்சை மிதித்ததும் என்ஜின் விலகிவிடும். ஆனால் கிளட்ச் தட்டும் உள்தண்டும் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். அந்த 1,900 சுற்றை யாராவது கரைக்க வேண்டும்.

பழைய லாரிகளில் அதை ஓட்டுநரின் காலும் காதும் செய்தன. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடும் ‘டபுள் கிளட்ச்’ முறை இது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டிய மூத்த தலைமுறை என்ஜின் சத்தத்தைக் கேட்டே சுற்றைக் கணித்தது. தவறினால் கியர் கத்தும். பக்கத்தில் இருக்கும் கிளீனர்கூட முகம் சுளிப்பார்.

எர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பை 1928இல் கேடிலாக் தன் கார்களில் கொண்டுவந்தது. அதன்பின் அந்த வேலை ஒரு சின்னக் கூம்பு வளையத்துக்குப் போனது. பெரும்பாலும் பித்தளைக் குடும்பத்து உலோகத்தால் ஆன அந்த வளையம், ஸ்லீவ் தள்ளும்போது பல்சக்கரத்தின் கூம்புமேல் அழுந்தி, உராய்வால் இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும்வரை ஸ்லீவை மேலே விடாமல் தன் பற்களால் தடுத்து நிற்கிறது. கையில் ஒரு கணம் தடை தெரிந்து, பிறகு வழிவிடுவது போல உணர்கிறோமே, அது இந்த வளையத்தின் காவல்.

அந்த வளையம் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பது, அதை அழுத்தும் விசையைப் பொறுத்தது. விசை பாதியானால் நேரம் இரட்டிக்கும். ஷார்ட் ஷிஃப்டர் போட்டுவிட்டுப் பழைய அதே கைவிசையைக் கொடுத்தால், வளையத்துக்குப் போய்ச்சேரும் விசை மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே வேகம் சமமாக ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். கையின் பயணத்தில் மிஞ்சிய நேரத்தில் ஒரு பகுதியை வளையம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியதுதான் எவ்வளவு? நொடிக்கு 80 செ.மீ. வேகத்தில் கை நகர்ந்தால், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் பாதை 120இலிருந்து 80 ஆக, 40 மி.மீ. குறைந்ததில் மிச்சம் நொடியின் இருபதில் ஒரு பங்கு. பந்தயத்தில் அதற்கு மதிப்பு உண்டு. அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறும் நம் பயணத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

பொறுக்காமல் கையை முறுக்கித் தள்ளுகிறவர்கள் அந்தப் பித்தளையைத்தான் தின்கிறார்கள். வளையம் தேய்ந்ததும் முதலில் இரண்டாவது கியர் கரகரக்கும், குளிர்ந்த காலை வேளையில் கூடுதலாக.

எடை எங்கே வேலை செய்கிறது

எடையான குமிழ் போட்டால் கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது என்பார்கள். அந்த அனுபவம் உண்மை. அதன் காரணம் நிலைமம். நகரத் தொடங்கிய எடை தன் போக்கிலேயே போக முயலும். எஃகுக் குண்டு பள்ளத்திலிருந்து ஏறும் அந்தச் சிறு தடையையும் புஷ்களின் உராய்வையும் அது தாண்டிப் போய்விடுகிறது. கைக்குத் தட்டுத் தடங்கலாகத் தெரிந்தது ஒரே ஓட்டமாகத் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டிய அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. குமிழின் எடை செலக்டர் கம்பியில் உணரப்படும்போது நெம்பு விகிதத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது. ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 100 கிராம் குமிழ், கீழே 36 மடங்காக, 3.6 கிலோ எடையைக் கட்டிவிட்டது போல நடந்துகொள்ளும். அதே குமிழை நான்குக்கு ஒன்று என்ற ஷார்ட் ஷிஃப்டரில் வைத்தால் 16 மடங்குதான், 1.6 கிலோ. பாதிக்கும் கீழே போய்விட்டது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டவர்கள் கியர் கரடுமுரடாக விழுகிறது என்று குறைப்படுவதற்கு விசை கூடியது மட்டும் காரணமில்லை. இந்த நிலைமம் தொலைந்ததும் காரணம். அதைத் திரும்பப் பெற 225 கிராம் குமிழ் வேண்டும். குறுகிய பாதையும் கனத்த குமிழும் ஜோடியாகச் சொல்லப்படுவதன் ரகசியம் இதுதான்.

கார் உற்பத்தியாளர்களும் இதை அறிந்தவர்களே. ஹோண்டா, 2020ஆம் ஆண்டின் சிவிக் டைப் ஆர் காரில் கண்ணீர்த்துளி வடிவக் குமிழுக்குள் 90 கிராம் எதிரெடையைச் சேர்த்தது. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பானட்டைத் திறந்து பார்த்தால், கியர் பெட்டியின் மேலிருக்கும் கையில் ஒரு இரும்புக் கட்டி தொங்குவது தெரியும். ஏதோ வார்ப்பில் விடுபட்ட மிச்சம் போலத் தோன்றும் அது, கியர் வழுவழுப்பாக விழுவதற்காகவே வைத்த எடை.

5 செ.மீ. விட்டமுள்ள திடமான உருண்டையைப் பல பொருள்களில் கடைந்தால் எடை எப்படி மாறும்? தேக்கு 43 கிராம். கடினப் பிளாஸ்டிக்கான டெல்ரின் 92. அலுமினியம் 177. எஃகு ஏறக்குறைய 515. பித்தளை 555. பித்தளைதான் கனம் என்று அரைக் கிலோவுக்கு மேல் கம்பியின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அந்த எடையும் சேர்ந்து ஆடும். எஃகுக் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்த பழைய வண்டியில் அந்த ஆட்டமே கியரைக் கழற்றிவிடக்கூடும். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்ற போர்ஷே 917 காரில் இருந்தது பால்சா மரத்தால் ஆன, கையில் எடையே தெரியாத குமிழ். பந்தய வண்டியின் எடையில் ஒவ்வொரு கிராமையும் குறைப்பது அவர்கள் கணக்கு. அதன் நினைவாகவே பின்னாளில் கரேரா ஜிடி காரிலும் மரக் குமிழ் வந்தது. கனமே நல்லது, லேசே நல்லது என்று பொதுவிதி கிடையாது. உங்கள் கம்பியின் விகிதமும் நீங்கள் ஓட்டும் விதமும் சேர்ந்தே விடை தரும்.

பவானி வெயிலில் ஒரு உலோக உருண்டை

கூடுதுறைக்கு வெளியே சித்திரை வெயிலில் மூடிய காரை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்பி வருகிறோம். உள்ளே குமிழ் 60 டிகிரி செல்சியஸுக்கு ஏறியிருக்கிறது என்று வைப்போம். உலோகமோ மரமோ, இரண்டும் அதே 60 டிகிரிதான். ஆனால் கைக்கு ஒன்றல்ல.

தொட்ட கணத்தில் தோலும் பொருளும் சந்திக்கும் இடத்தின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது, அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுக்கும் என்பது. அலுமினியம் உள்ளே இருக்கும் வெப்பத்தை எல்லாம் மேற்பரப்புக்கு ஓட்டிக்கொண்டே இருக்கும். கணக்கிட்டால் தொடும் இடம் 58 டிகிரிக்கு மேல் நிற்கும். மரம் மேற்பரப்பில் உள்ள சிறிதளவு வெப்பத்தைத் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். தொடும் இடம் 40 டிகிரியை ஒட்டியே இருக்கும். தோலுக்கு வலி தொடங்குவது 44, 45 டிகிரியை ஒட்டி. எல்லைக்கோடு இரண்டுக்கும் நடுவே விழுகிறது. குளிர்தேசத்துக்காக வடிவமைத்த உலோகக் குமிழை நம் ஊரில் அப்படியே போட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் துண்டைச் சுற்றி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோம்.

லேத் பட்டறை டர்னர் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனால் அவர் கொடுத்த தீர்வு அதற்கு அச்சாகப் பொருந்தியது. 28 மி.மீ. விட்டமும் 36 மி.மீ. உயரமும் கொண்ட பித்தளை உருளை ஒன்றைக் கடைந்தார். பித்தளை இரும்பைப் போலச் சுருள் சுருளாக வராது. பொன் தூள் போலப் பொடிப்பொடியாகத் தெறித்து அவர் சட்டையில் ஒட்டியது. 8.8 மில்லி துளை போட்டு, ஒன்றேகால் மரைக்கான டேப்பை எண்ணெய் விட்டு இறக்கினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பிறகு நிலவுக் கட்டையில் மிஞ்சிய தேக்குத் துண்டில் ஒரு உருண்டையைக் கடைந்து, அதற்குள் பித்தளையை இறுக்கிப் பசை வைத்து உட்கார்த்தினார். பித்தளை உள்ளிருந்து நிலைமத்தைத் தருகிறது. தேக்கு வெளியிருந்து கையைக் காக்கிறது. தராசில் வைத்தால் ஏறக்குறைய 200 கிராம்.

கோவை கற்றுத்தந்த பாடம்

கியர் கம்பியைக் கணக்குப் போட்டு அமைப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பவானியிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் கோவையில், கரி என்று எல்லோரும் அழைத்த எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜினையே எடுத்துக்கொண்டார். ஃபார்முலா மாருதி பிறந்தது அப்படித்தான். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது கதவைத் திறந்தது.

கையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு பந்தயக் கார் கட்டுகிறவருக்குக் கியர் கம்பி ஒரு பெரிய கேள்வி. குடும்பக் காரில் என்ஜினும் கியர் பெட்டியும் ஓட்டுநருக்கு முன்னால். இத்தகைய பந்தயக் காரில் அவை முதுகுக்குப் பின்னால். ஓட்டுநரின் தொடையருகே இருக்கும் குறுகிய இடத்தில், மணிக்கட்டின் அசைவிலேயே மாற்றும்படி சிறு கம்பியை நிறுத்தி, அங்கிருந்து பின்பக்கம்வரை இணைப்பைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லி ஆட்டம் இருந்தாலும், எல்லாம் கூடி, கை மூன்றாவது என்று நினைத்த இடத்தில் கியர் பெட்டி நியூட்ரலில் நிற்கும். பந்தயக் கார் கட்டுகிறவர்கள் குமிழைவிட மூட்டுகளுக்கு நேரம் செலவிடுவது இதனால்தான்.

ஃபார்முலா மாருதியில் ஓட்டிய கோவை இளைஞர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணியில் இறங்கி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். அவர் அங்கே போனபோது கையில் கியர் கம்பியே இல்லை. ஜான் பெர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 ஸ்டீரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்து 1989ஆம் ஆண்டின் முதல் பந்தயத்திலேயே வென்றதிலிருந்து, அந்த உலகம் மாறிவிட்டது. கரி 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த 2.1 கி.மீ. பந்தயத் தடத்தில் நடந்த ஃபார்முலா பாரத் போட்டிகளுக்கு நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வந்திருக்கிறார்கள். பைக் என்ஜினைப் பொருத்திய அவர்களது கார்கள் பலவற்றில், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக மட்டுமே போகும் கியர். அதை இயக்கும் நெம்புகோலின் நீளத்தை முடிவு செய்யும்போது, அவர்களும் அதே கடப்பாரைக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

எதை முதலில் மாற்றுவது

தேக்குக் குமிழை மாட்டும் முன், டர்னர் ஒன்று செய்தார். கார் கதவைத் திறந்து, மூன்றாவது கியரில் வைத்து, கம்பியின் தலையைப் பிடித்து மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். கம்பி தாராளமாக ஆடியது.

“கீழ புஷ் போயிருச்சுங்க தம்பி. இதை மாத்தாம மேல பொன்னுலயே குமிழ் செஞ்சு வெச்சாலும் ரேஸ் கார் ஆகாதுங்க.”

நானூறு ஐந்நூறு பக்கப் பொறியியல் நூல்கள் சொல்லும் முடிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஆகவே கியரின் தரத்தைக் கூட்ட நினைக்கிறவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் புஷ்கள். கம்பியின் அடிமூட்டிலும் கேபிளின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர், நைலான் புஷ்கள் நம் ஊர் வெப்பத்தில் தேய்ந்தும் இறுகியும் போகின்றன. செலவு குறைவு. அதில் கிடைக்கும் மாற்றம் பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

அடுத்து கியர் ஆயில். வண்டியின் கையேடு சொல்லும் தரத்தையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 எண்ணெயில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள், ஜிஎல்-4 கேட்கும் கியர் பெட்டியில் பித்தளை வளையங்களைப் பாதிக்கக்கூடும். எண்ணெய் மிகுதியாக வழுக்கினால் வளையத்தின் உராய்வும் குறையும். உயர்ந்த எண் என்றால் உயர்ந்த எண்ணெய் என்று பொருளல்ல.

மூன்றாவதாகக் குமிழ். வாங்கும் முன் உங்கள் கம்பியின் மரையை அளந்துகொள்ளுங்கள். ஹோண்டா 10 மில்லியில் 1.5 மரை, மாஸ்டா 10 மில்லியில் 1.25, டொயோட்டா பெரும்பாலும் 12 மில்லியில் 1.25. ரிவர்ஸ் கியருக்காகக் குமிழுக்குக் கீழே ஒரு வளையத்தைத் தூக்க வேண்டிய வண்டியானால், புதிய குமிழ் அந்த வளையத்துக்கு இடம் விடுகிறதா என்று பாருங்கள். அது வெறும் வசதியல்ல, ஓடும் வண்டி தவறுதலாக ரிவர்ஸில் விழாமல் காக்கும் பூட்டு. எடை 150 முதல் 250 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு மரமோ தோலுறையோ நல்லது.

ஷார்ட் ஷிஃப்டர் கடைசி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதையைக் குறைப்பதைத் தவிருங்கள். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இவை எதற்கும் காசு செலவழிக்கும் முன், ஒரு பழக்கத்தை விடலாம். ஓட்டும்போது இடக்கையைக் கியர் குமிழின்மேல் ஓய்வுக்கு வைப்பதை நிறுத்துங்கள். கையின் எடை கம்பி வழியே ஃபோர்க்கை ஸ்லீவோடு அழுத்தும். ஸ்லீவ் நொடிக்குப் பல சுற்றுகள் சுழன்றுகொண்டிருக்க, ஃபோர்க் அசையாமல் நின்று தேயும். கியர் பெட்டிக்கு நாம் செய்யும் சேதங்களில், சத்தமே இல்லாமல் நடப்பது இதுதான்.

மின்சாரக் கார்களுக்குப் பல அடுக்குக் கியர் பெட்டி தேவையில்லை. ஆனாலும் 2023இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என், இல்லாத எட்டு கியர்களை மென்பொருளால் இருப்பது போல உணரவைக்கிறது. இயந்திரத்தோடு கையால் பேசும் இன்பத்தை மனிதர்கள் விட்டுவிட விரும்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உண்மையான கியர் கம்பி உங்கள் வண்டியில் இன்னும் இருக்குமானால் அது ஒரு பேறு. அடுத்த முறை இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது அவசரப்படாதீர்கள். கையில் வரும் அந்த ஒரு கணத் தடையைக் கவனியுங்கள். பித்தளை வளையம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது வழிவிடும்வரை காத்திருந்து கியரைப் போடுங்கள். அந்தப் பெட்டி உங்களுக்கு நீண்ட காலம் உழைக்கும்.